செஞ்சி, மாம்பழப்பட்டு, அரகண்டநல்லூர்: ஒரு நாள் சவாரி

வெளிநாட்டிலிருந்து திருவண்ணாமலைக்கு வருகிறவர்கள் பெரும்பாலும் மூன்று காரியங்களை முடித்துக்கொண்டு கிளம்பிவிடுகிறார்கள். அண்ணாமலையார் தரிசனம், 14 கிலோமீட்டர் கிரிவலம், ரமணாசிரமத்தில் ஒரு வேளை தியானம். மூன்றும் அவசியம் செய்ய வேண்டியவைதான். செங்கம் ரோட்டில் டாக்ஸி ஓட்டும் நான், சவாரி பேச வருகிறவர்களிடம் இவற்றோடு இன்னொரு நாளையும் கேட்டு வாங்குவேன். அந்த நாளில் ஊருக்குள் சுற்ற மாட்டோம். கிழக்கே செஞ்சி, தெற்கே இறங்கி விழுப்புரம், மேற்கே திரும்பி மாம்பழப்பட்டு, அரகண்டநல்லூர், திருக்கோவிலூர், பிறகு வடக்கே ஏறி வீடு. சுமார் 150 கிலோமீட்டர் வட்டம். காலை ஏழரைக்குப் புறப்பட்டால் இரவு எட்டரைக்குள் அறைக்குத் திரும்பிவிடலாம்.

சாத்தனூர் அணை, ஜவ்வாது மலை, புதுச்சேரி என்று போக இடங்கள் எத்தனையோ உண்டு. ஆனாலும் இந்த வட்டத்தையே நான் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. வழி நெடுக, தூரத்து ஊரிலிருந்து வந்து இங்கே நின்றவர்களின் கதைகள் கிடக்கின்றன. கடல் தாண்டி வந்த விருந்தாளிக்கு அந்தக் கதைகள் சட்டென்று பிடித்துப்போகும். அவரும் அப்படி வந்தவர்தானே.

எங்கள் ஊருக்கு அயல்நாட்டார் வருவது புதிதல்ல. பிராங்க் ஹம்ப்ரிஸ் என்ற ஆங்கிலேய போலீஸ் அதிகாரி 1911இல் மலை மேல் விரூபாட்ச குகைக்கு ஏறிப் போய் ரமணரைப் பார்த்தார். பால் பிரண்டன் 1931இல் வந்தார். அவர் எழுதிய புத்தகம் ஐரோப்பாவில் பலரைக் கப்பல் ஏற வைத்தது. நாவலாசிரியர் சாமர்செட் மாம் 1938இல் வந்தார். இன்று விமானத்தில் சென்னையில் இறங்கி, நான்கைந்து மணி நேரம் காரில் வருகிறார்கள். அவர்களில் வெள்ளைக்காரர்கள் மட்டும் இல்லை. மலேசியா, சிங்கப்பூர், இலங்கை, மொரீஷியஸ், தென்னாப்பிரிக்கா என்று எங்கெங்கோ வாழும் நம் ஜனங்களும் வருகிறார்கள். மார்கழியில் நான் இந்த வட்டத்துக்கு அழைத்துப்போன ஈப்போ குடும்பத்தை வைத்தே அந்த நாள் எப்படிப் போகும் என்று சொல்கிறேன். எழுபதைத் தாண்டிய ஒரு பாட்டி, அவர் மகன், பன்னிரண்டு வயதுப் பேத்தி.

காலை: செஞ்சிக் கோட்டை

"பசியாறிட்டே போயிடலாமா அண்ணே?" என்று மகன் கேட்டார். பொங்கலும் வடையும் முடித்துக் கிளம்பினோம். செஞ்சி ரோட்டில் கீழ்பென்னாத்தூர் வரும்வரை அண்ணாமலை கண்ணாடியில் பின்னாலேயே வரும். காலை வெயில் நேர் எதிரே அடிப்பதால் முன்சீட்டில் இருப்பவர் தொப்பியோ கறுப்புக் கண்ணாடியோ வைத்துக்கொள்வது நல்லது. ஆலம்பூண்டி தாண்டினால் இரண்டு பக்கமும் பாறைக் குன்றுகள் தொடங்கிவிடும். ஒன்றின் மேல் ஒன்றாக உருண்டைக் கற்களை யாரோ அடுக்கி வைத்துவிட்டுப் போன மாதிரி நிற்கும். அந்தக் கற்களுக்கு இடையே மதில் தெரியத் தொடங்கும்போது செஞ்சி வந்துவிட்டது என்று அர்த்தம். திருவண்ணாமலையிலிருந்து நாற்பது கிலோமீட்டருக்குள்தான். ஊருக்கு முன்பே கோட்டை வந்துவிடும். நெடுஞ்சாலையே கோட்டைக்கு ஊடேதான் போகிறது.

செஞ்சி ஒரு மலையில் கட்டிய கோட்டை அல்ல. ராஜகிரி, கிருஷ்ணகிரி, சந்திரகிரி என்ற மூன்று குன்றுகளை மதிலால் சேர்த்து வளைத்த கோட்டை. 1677இல் சிவாஜி இதைப் பிடித்தார். அவருக்குப் பின் மராட்டிய நாடே ஆட்டம் கண்டபோது, அவருடைய மகன் ராஜாராம் 1689இல் மொகலாயப் படைக்குத் தப்பி, வேடம் மாறி, மகாராஷ்டிரத்திலிருந்து இவ்வளவு தூரம் வந்து இங்கே தங்கினார். ஔரங்கசீப்பின் தளபதி சுல்பிகர் கான் 1690இல் முற்றுகை போட்டார். கோட்டை விழுந்தது 1698இல். அதற்குள் ராஜாராம் வெளியேறித் தன் நாட்டுக்குத் திரும்பிவிட்டார். எட்டு வருஷம் ஒரு பேரரசின் படையை இந்தக் கற்கள் தடுத்து நிறுத்தின. 2025 ஜூலையில் யுனெஸ்கோ மராட்டியர்களின் 12 கோட்டைகளை உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்தபோது, பதினொன்று மகாராஷ்டிரத்தில் இருக்க, தமிழ்நாட்டிலிருந்து சேர்ந்த ஒன்று செஞ்சி.

நமக்கெல்லாம் செஞ்சி என்றதும் தேசிங்குராஜன்தான் ஞாபகம். ஆற்காட்டு நவாபு சாதத்துல்லா கானின் பெரும்படையை ஒரு சிறு படையோடு எதிர்த்து 1714இல் இறந்த இளம் ராஜா. தேசிங்கு ராஜன் கதைப்பாடல் கேட்ட பெரியவர்கள் இன்னும் கிராமங்களில் இருக்கிறார்கள். அவனுடைய நண்பன் மகமத்கான் கல்யாணக் கோலத்திலிருந்து எழுந்து போருக்கு வந்தான் என்று அந்தக் கதை சொல்கிறது. வடக்கிலிருந்து வந்த ராஜபுத்திரக் குடும்பத்துப் பிள்ளையைத் தமிழ்நாட்டு ஜனங்கள் தங்கள் வீட்டுப் பிள்ளையாக வைத்துப் பாடினார்கள். இதை நான் சொன்னபோது பாட்டி, "எங்க தோட்டத்துல தேசிங்குராஜன் கூத்து ஆடுவாங்க தம்பி. செஞ்சி நெஜமான ஊருன்னு இன்னிக்குத்தான் பாக்கறேன்" என்றார். ரப்பர் மரங்களுக்கு நடுவே, மலேயா மண்ணில், இந்தக் கோட்டைக்காக நடந்த சண்டையை ஆடிக் காட்டியிருக்கிறார்கள்.

டிக்கெட் கொடுக்கத் தொடங்கும்போதே வாசலில் இருந்துவிட வேண்டும். வெளிநாட்டுப் பாஸ்போர்ட் உள்ளவர்களுக்குக் கட்டணம் கூடுதல். ஓசிஐ அட்டை வைத்திருப்பவர்கள் இந்தியருக்கான கட்டணமே கட்டலாம். ஆகவே அட்டையை அறையில் வைத்துவிட்டு வராதீர்கள். ராஜகிரி 800 அடிக்கு மேல் உயரம். ஏறி இறங்க இரண்டரை மணி நேரமாவது வேண்டும். உச்சிக்குப் பக்கத்தில் ஒரு பெரிய பிளவு உண்டு. அதன் மேல் போட்டிருக்கும் பாலத்தை எடுத்துவிட்டால் மேலே யாரும் போக முடியாது. எட்டு வருஷம் கோட்டை எப்படித் தாங்கியது என்பது அந்த இடத்தில் நின்றால் விளங்கும். பிற்பகலில் உச்சிக்கு ஏற விடமாட்டார்கள் என்பதாலும் காலையே சரி. கையில் பை இருந்தால் குரங்குகள் விடாது. தண்ணீர் பாட்டில் ஒன்று போதும்.

ஏற முடியாதவர்கள் வருத்தப்பட வேண்டாம். கீழேயே பார்க்க நிறைய இருக்கிறது. அடுக்கடுக்காக எழும்பும் கல்யாண மகால், யானையே உள்ளே போகும்படியான நெற்களஞ்சியம், வெங்கடரமணர் கோயில், சாதத்துல்லா கான் பள்ளிவாசல். மகனும் பேத்தியும் ராஜகிரி ஏற, நான் பாட்டியோடு கல்யாண மகால் பக்கத்து நிழலில் இருந்தேன். அவர் களஞ்சியத்தின் சுவரைக் கையால் தடவிப் பார்த்து, "இத்தனை நெல்லு இருந்த ஊர்லேருந்தா எங்கப்பா பசின்னு கெளம்பி வந்தாரு?" என்று கேட்டார். அப்போதுதான் அவருடைய அப்பா திருக்கோவிலூர்ப் பக்கத்துக்காரர் என்று எனக்குத் தெரிந்தது. ஊர்ப் பெயர் அவருக்குத் தெரியவில்லை. கங்காணி ஒருவரோடு சிறு பையனாகப் புறப்பட்டு, ரஜுலா கப்பலில் பினாங்கு போய் இறங்கினார் என்பது மட்டும் தெரியும்.

நண்பகல்: ஒரு பையன் வந்த ரயில் பாதை

நண்பகலில் கோயில்கள் நடை சாத்திவிடுவார்கள். மாலை நாலு மணிக்குத்தான் திறப்பார்கள். வெளியூர்க்காரர்கள் பலர் இந்த நேரத்தில்தான் கோயில் வாசலில் வந்து நின்று ஏமாறுவார்கள். அந்த நேரத்தை நாங்கள் பயணத்துக்கும் சாப்பாட்டுக்கும் வைத்துக்கொள்கிறோம். செஞ்சியிலிருந்து விழுப்புரம் ஒரு மணி நேரத்துக்குள். அங்கே வாழையிலைச் சாப்பாடு. சாப்பிட்டு எழுந்த பிறகுதான் ரமணரின் கதையை ஆரம்பிப்பேன், ஏனென்றால் அது விழுப்புரத்தில் சொல்ல வேண்டிய கதை.

1896 ஆகஸ்ட் 29. மதுரையில் படித்துக்கொண்டிருந்த வேங்கடராமன் என்ற 16 வயதுப் பையன், அண்ணனுக்குக் கல்லூரிச் சம்பளம் கட்டக் கொடுத்த ஐந்து ரூபாயில் மூன்று ரூபாயை மட்டும் எடுத்துக்கொண்டு, மீதி இரண்டை ஒரு கடிதத்தோடு வைத்துவிட்டு வீட்டை விட்டுக் கிளம்பினான். கையிலிருந்தது பழைய வரைபடம். அதில் திருவண்ணாமலைக்குப் போகும் ரயில் பாதை இல்லை. ஆகவே திண்டிவனத்துக்கு 2 ரூபாய் 13 அணா கொடுத்து டிக்கெட் வாங்கினான். வண்டியில் உட்கார்ந்திருந்த ஒரு மௌல்வி, விழுப்புரத்தில் இறங்கி வேறு வண்டி மாறினால் திருவண்ணாமலைக்கே போகலாம் என்று சொல்லிக் கொடுத்தார்.

விழுப்புரத்தில் இறங்கியபோது விடியவில்லை. தெருவில் அலைந்தபோது மாம்பழப்பட்டு என்று எழுதிய வழிகாட்டிப் பலகையைப் பார்த்தான். அது தான் போகும் வழி என்று தெரியவில்லை. ஓட்டலில் சாப்பிட்டுக் காசு கொடுத்தபோது, இவனிடம் இருப்பதே இரண்டரை அணா என்று கேட்டறிந்த கடைக்காரர் வாங்க மறுத்துவிட்டார். அந்த இரண்டரை அணாவுக்கு மாம்பழப்பட்டு வரைதான் டிக்கெட் கிடைத்தது.

இந்தக் கதை ரமணரின் வாழ்க்கை வரலாறுகளில் இருக்கிறது. பக்தர்கள் பலருக்குத் தெரிந்ததுதான். ஆனால் அந்தப் பலகை காட்டிய சாலையிலேயே போய்க்கொண்டு கேட்பது வேறு. விழுப்புரத்திலிருந்து திருக்கோவிலூர் போகும் ரோட்டில் அரை மணி நேர ஓட்டத்தில் மாம்பழப்பட்டு வருகிறது. காட்பாடி பாதையில் சின்ன ஸ்டேஷன். பார்க்கச் சிலை கிடையாது, கோபுரம் கிடையாது. நான் வண்டியை நிறுத்தி, "காசு இங்கே தீர்ந்தது. இங்கேயிருந்து நடந்தான்" என்பேன். வேறெதுவும் சொல்ல வேண்டியிருக்காது. பேத்தி, "அங்கிள், அவருக்கு எங்க அண்ணன் வயசுதானே?" என்றாள். ஆமாம் என்றேன். அண்ணாமலையாரைப் பார்க்க வந்த மகானை நமக்குத் தெரியும். கையில் காசில்லாமல் தண்டவாளத்தோரம் நின்ற பதினாறு வயதுப் பையனை இந்த ஸ்டேஷனில்தான் பார்க்க முடிகிறது.

பாட்டி வண்டியிலிருந்து இறங்கி வந்து தண்டவாளத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். "எங்கப்பாவும் இந்த வழியாத்தான் போயிருப்பாரோ தம்பி?"

"திருக்கோவிலூர்ப் பக்கத்திலேர்ந்து ரயில்ல நாகப்பட்டினம் போயிருந்தா, இந்த ஸ்டேஷனைத் தாண்டித்தாம்மா போயிருக்கணும்" என்றேன்.

தென் ஆற்காடு, வட ஆற்காடு, தஞ்சாவூர், திருச்சி, சேலம் ஜில்லாக்களிலிருந்து மலேயா ரப்பர் தோட்டங்களுக்கு ஆள் போனது பல பத்தாண்டுகள் நடந்தது. ஒப்பந்தக் கூலி முறை 1910இல் நின்றது. கங்காணிகள் ஊர் ஊராக வந்து ஆள் சேர்ப்பது 1938 வரை தொடர்ந்தது. ரயிலில் நாகப்பட்டினமோ சென்னையோ போய், முகாமில் தங்கி, கப்பல் ஏறினார்கள். ஒரே இருப்புப் பாதையில் ஒருவர் மேற்கே அண்ணாமலைக்கு வந்தார். எண்ணற்றவர்கள் கிழக்கே கடலுக்குப் போனார்கள். வந்தவரின் வழியை நாம் அணா கணக்கோடு எழுதி வைத்திருக்கிறோம். போனவர்களின் வழியை அவர்கள் பேரப்பிள்ளைகள் இன்று தேடி வருகிறார்கள். இரண்டையும் ஒரே இடத்தில் சொல்ல முடிகிறது என்பதால்தான் மாம்பழப்பட்டில் வண்டியை நிறுத்தாமல் நான் போவதில்லை.

மாலை: பெண்ணையாற்றின் இரு கரைகள்

வேங்கடராமன் மாம்பழப்பட்டிலிருந்து சுமார் பத்து மைல் நடந்து சேர்ந்த இடம் அரகண்டநல்லூர். தேவாரத்தில் அறையணிநல்லூர். தென்பெண்ணையின் வடகரையில் பாறை மேல் உட்கார்ந்திருக்கும் அதுல்யநாதேஸ்வரர் கோயில். திருஞானசம்பந்தர் இங்கிருந்தே அண்ணாமலையைக் கண்டு தொழுதார் என்பது ஐதீகம். அந்தக் கோயில் மண்டபத்தில்தான் பையன் உட்கார்ந்தான். கண் கூசும் ஒரு ஒளியைக் கண்டான். பசி தாங்காமல் அர்ச்சகரோடு ஆற்றின் அக்கரையில் இருக்கும் கீழையூர் வீரட்டேசுவரர் கோயிலுக்குப் போனான். அங்கே கோயில் மேளக்காரர் தன் பங்குச் சோற்றை அவனுக்குக் கொடுக்கச் சொன்னார். மறுநாள் கோகுலாஷ்டமி. முத்துக்கிருஷ்ண பாகவதர் என்பவர் வீட்டில் சாப்பாடு கிடைத்தது. காதில் கிடந்த கடுக்கனை அவரிடம் அடகு வைத்து நான்கு ரூபாய் வாங்கினான். மீட்பதற்காக அவர் எழுதிக் கொடுத்த சீட்டைக் கிழித்துப் போட்டுவிட்டு, செப்டம்பர் 1 காலை ரயிலில் திருவண்ணாமலை வந்து இறங்கினான். அதன் பிறகு 1950 ஏப்ரல் 14 வரை, 54 வருஷம், அவர் இந்த மலையை விட்டுப் போகவில்லை.

நாலு மணிக்குமேல் அரகண்டநல்லூர் கோயில் வளாகத்தில் நின்றால் காலுக்குக் கீழே ஆறு. மழை பெய்த வருஷங்களில் தண்ணீர், மற்ற நாளில் மணல். 2024 டிசம்பரில் ஃபெஞ்சல் புயல் மழைக்குச் சாத்தனூர் அணை திறந்துவிட்டபோது இந்த ஆறு இரண்டு கரையையும் கலங்கடித்தது. வானம் தெளிவாக இருந்தால் வடக்கே அண்ணாமலை நீல நிறத்தில் தெரியும். காலையில் கண்ணாடியில் பார்த்த மலை, மாலையில் வேறு திசையில், வேறு வடிவத்தில் நிற்கும். யாரை அழைத்துப்போனாலும் இந்த இடத்தில் பேச்சு நின்றுவிடும்.

அக்கரையில் வீரட்டேசுவரர் கோயிலுக்குப் பக்கத்தில் ஆற்றுக்குள் ஒரு பாறை, உச்சியில் சின்னச் சன்னிதி. கபிலர் குன்று. பறம்பு மலையில் தன் நண்பன் பாரி இறந்தபின் அவன் பெண்களை அழைத்துக்கொண்டு அலைந்த கபிலர், அவர்களுக்கு ஒரு வழி செய்துவிட்டு இங்கே உயிர் விட்டார் என்பார்கள். வடக்கிருந்தார் என்பது ஒரு வழக்கு. தீப்புகுந்தார் என்று வீரட்டேசுவரர் கோயிலில் உள்ள ராஜராஜன் காலக் கல்வெட்டு சொல்கிறது. ராஜராஜனின் தாய் வானவன்மாதேவி இந்த ஊர் மலையமான் குலத்துப் பெண்.

கடைசியாகத் திருக்கோவிலூர் உலகளந்த பெருமாள் கோயில். இந்த ஊரில் ஒரு மழை இரவில் பொய்கையாழ்வார் ஒரு வீட்டு இடைகழியில் ஒதுங்கினார். ஒருவர் படுக்கலாம். பூதத்தாழ்வார் வந்தார், இருவர் உட்காரலாம். பேயாழ்வார் வந்தார்; மூவர் நிற்கலாம். நின்றார்கள். நான்காவதாக யாரோ வந்து நெருக்குவது தெரிந்தது, அது பெருமாள். நாலாயிர திவ்வியப் பிரபந்தத்தில் உள்ள முதல் மூன்று திருவந்தாதிகளும் அந்த இருட்டில் பிறந்தவை என்பது வைணவ மரபு. முன்பின் தெரியாதவர்களுக்கு இடம் விட்டு நகர்ந்துகொள்வதை இதைவிட அழகாக எந்தக் கதையும் எனக்குச் சொன்னதில்லை. ஒரு நாள் முழுக்க, வந்தவர்களையும் போனவர்களையும் பற்றிப் பேசிவிட்டு இந்தக் கோயிலில் முடிப்பது பொருத்தமாக இருக்கும். இங்கிருந்து திருவண்ணாமலை ஒரு மணி நேரம்.

கிளம்புவதற்கு முன்

மார்கழி, தை, மாசி இந்த வட்டத்துக்கு ஏற்ற மாதங்கள். சித்திரை, வைகாசியில் செஞ்சிப் பாறை சுடும். பௌர்ணமி அன்றும் கார்த்திகை தீபத்தின்போதும் திருவண்ணாமலைக்குள் வண்டி வந்து போவது கடினம். அந்த நாட்களில் இந்தச் சவாரி வைத்துக்கொள்ள வேண்டாம். மஞ்சள் போர்டு வண்டியாகப் பாருங்கள். நாள் வாடகையா, கிலோமீட்டர் கணக்கா, டிரைவர் பேட்டா எவ்வளவு, பார்க்கிங், டோல் யார் பொறுப்பு என்பதையெல்லாம் ஏறுவதற்கு முன்பே பேசிக்கொள்ளுங்கள். கோயில்களுக்குத் தோளும் முழங்காலும் மூடிய உடை வேண்டும். சில கோயில்களில் இந்துக்கள் அல்லாதவர்களுக்குக் கொடிமரத்தைத் தாண்டி அனுமதி இல்லை. வெள்ளைக்கார நண்பர்களை அழைத்து வந்தால் வாசலிலேயே கேட்டுக்கொள்ளுங்கள், உள்ளே போய்த் திரும்ப வேண்டிய மனவருத்தம் அவர்களுக்கு வேண்டாம். வழியில் இன்னும் இரண்டு கோயிலைச் சேர்க்கச் சொல்லி உறவினர்கள் வற்புறுத்துவார்கள். சேர்த்தால் மாம்பழப்பட்டில் நிற்க நேரம் இருக்காது.

கடல் தாண்டி வாழும் தமிழ்க் குடும்பங்களிடம் எனக்கு ஒரு வேண்டுகோள். டிக்கெட் போடுவதற்கு முன் வீட்டுப் பெரியவர்களோடு உட்கார்ந்து கேளுங்கள். எந்த ஊர், எந்தத் தாலுகா, பக்கத்தில் ஆறா ஏரியா, குலதெய்வம் எது, எந்த ஸ்டேஷனில் ரயில் ஏறினார்கள் என்று கேட்டு எழுதிக்கொண்டு வாருங்கள். பழைய பாஸ்போர்ட், கடிதம், கப்பல் சீட்டு எது இருந்தாலும் ஒரு படம் எடுத்துக்கொள்ளுங்கள். ஈப்போ பாட்டிக்கு அப்பாவின் குலதெய்வத்தின் பெயர் தெரிந்திருந்தால் அன்றே அந்தக் கிராமத்தைத் தேடிப் போயிருப்போம். இவற்றில் இரண்டு தெரிந்தாலும் எங்களைப் போன்ற டிரைவர்கள் டீக்கடையில் விசாரித்து, கிராம நிர்வாக அலுவலரைக் கேட்டு, அந்த ஊருக்கு உங்களைக் கொண்டுபோய்ச் சேர்த்துவிடுவோம்.